டிரிப்ஸ் டியூப்ல இருந்து பிளாஸ்டிக் கெமிக்கல் உடம்புக்குள்ள போகுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரி ஃபார்மசி கவுண்டர்ல முன்னாடி எல்லாம் "இதுக்கு வேற கம்பெனி இருக்கா, டிஸ்கவுண்ட் உண்டா"ன்னுதான் கேப்பாங்க, இப்ப வாட்ஸ்அப்ல ஏதோ வீடியோ பாத்துட்டு வந்து "டிஇஹெச்பி இல்லாத செட்டா குடுங்க"ன்னு கேக்கறாங்க. கேக்கறது நல்லதுதாங்க. ஆனா பாதி பேரு பயப்படவே வேண்டாத சலைனுக்கு பயப்படறாங்க, கண்டிப்பா கேக்க வேண்டிய இடத்துல வாயே திறக்க மாட்டேங்கறாங்க. கவுண்டர்ல நின்னுக்கிட்டு இதெல்லாம் விளக்க முடியாது, பின்னாடி க்யூ நிக்கும். அதனால வழக்கமா வர்ற கேள்விகளை இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன்.

டிஇஹெச்பின்னா என்ன? டியூப்ல அதுக்கு என்ன வேலை?

டிரிப்ஸ் டியூப் பெரும்பாலும் பிவிசி. வீட்ல தண்ணி லைனுக்கு போடற அதே பிவிசிதான், அது இயல்புல கெட்டி, வளைச்சா உடையும். அதை மெத்துனு வளையற மாதிரி ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தை கலக்கணும், அதுக்கு பேரு பிளாஸ்டிசைசர், அதுல ரொம்ப காலமா உலகம் பூரா ஓடிட்டிருக்கிறது டிஇஹெச்பி, தாலேட்னு ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. கொஞ்சூண்டு கலக்கறாங்கன்னு நினைக்காதீங்க, மெடிக்கல் பிவிசி எடையில சாதாரணமா 30லேர்ந்து 40 சதவீதம் இதுதான். நீங்க கையில பிடிக்கிற டியூப்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பிளாஸ்டிக்கே கிடையாது, எண்ணெய்.

பிரச்சனை என்னன்னா இது பிவிசியோட வேதியியல் ரீதியா பிணைஞ்சு கிடக்கல, நடுவுல சும்மா உக்காந்திருக்கு. வெளிய போக ஒரு வாய்ப்பு கிடைச்சா போயிடும்.

எப்ப போகும்?

டிஇஹெச்பிக்கு தண்ணி பிடிக்காது, கொழுப்பு பிடிக்கும். சாம்பார் ஊத்தி வெச்ச பிளாஸ்டிக் டப்பால தண்ணி சும்மா வழிஞ்சு ஓடிடுது, எண்ணெய்தான் உள்ள ஊறி கறையாகி நிக்குது இல்லையா, அந்த ஒட்டுறவு ரெண்டு பக்கமும் வேலை செய்யும்: டியூப்புக்குள்ள கொழுப்போ சோப்பு மாதிரி வேலை செய்யற ஏதாவதோ ஓடினா அது டிஇஹெச்பியை கரைச்சு இழுத்துக்கிட்டு போகும். அதனால முதல் கேள்வி எப்பவும் "உள்ள என்ன ஓடுது"ங்கறதுதான். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம், எவ்வளவு நேரம் தொட்டுக்கிட்டு நிக்குது, எவ்வளவு சூடு, டியூப் எவ்வளவு நீளம், எவ்வளவு மெதுவா ஓடுது. மெதுவா ஓடினா தொட்டுக்கிட்டிருக்கிற நேரம் ஜாஸ்தி, அதனால ஒவ்வொரு மில்லிக்கும் ஜாஸ்தி கசியும். பச்சைக்குழந்தைக்கு மணிக்கு ஒரு மில்லி ரெண்டு மில்லின்னு ஓட்டுவாங்க, நீளமான எக்ஸ்டென்ஷன் லைன்ல, கதகதப்பான இன்குபேட்டர் பக்கத்துல. எல்லாம் ஒண்ணா சேர்ற இடம் அதுதான், அதுக்கு கீழ தனியா வர்றேன்.

எங்கம்மாவுக்கு காய்ச்சலுக்கு ரெண்டு பாட்டில் சலைன் ஏத்தினாங்க. பயப்படணுமா?

வேண்டாம்.

காரணம் சொல்றேன். அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2001ல இதைப்பத்தி ஒரு பெரிய மதிப்பீடு வெளியிட்டாங்க. ரத்தக்குழாய் வழியா ஒரு நாளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் வரைக்கும் டிஇஹெச்பி போனா தாங்கிக்கலாம்னு ஒரு அளவு வெச்சாங்க. பெரியவங்களுக்கு சலைன் மாதிரி தண்ணி மருந்து ஏத்தும்போது அதிகபட்சமா போகக்கூடியதுன்னு அவங்க கணக்கு போட்டது 0.005 மில்லிகிராம். 120 மடங்கு கம்மி. நார்மல் சலைன், டெக்ஸ்ட்ரோஸ், ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்), எல்லாம் இந்த வகைதான். சாதாரண ஆன்டிபயாடிக்கை சலைன்ல கலந்து போடறாங்களே, அதுலயும் பெரும்பாலானது இந்த வகைதான்.

அப்ப பாட்டில்? அது பிளாஸ்டிக்தானே, மூணு நாலு மாசம் அதுக்குள்ளயே இருக்கே?

நல்ல கேள்வி, ஆனா நம்ம ஊர் நிலவரம் வேற. இன்டர்நெட்ல நீங்க படிக்கிற பயமுறுத்தல்ல பாதி அமெரிக்காவுல ஓடற மெத்து பை, அதாவது பிவிசி பேக் பத்தினது. நம்ம ஊர்ல சலைன் பெரும்பாலும் வர்றது அமுக்கினா நெளியற பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டில்ல. அந்த ரெண்டு பிளாஸ்டிக்குமே இயல்பாவே வளையும், டிஇஹெச்பி கலக்க வேண்டிய அவசியமே இல்ல. பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் அச்சடிச்சிருந்தா பாருங்க, 4 இல்ல 5னு இருந்தா இந்த வகை, பிவிசின்னா 3. பை மாதிரி வர்றதுலயும் இப்ப நான்-பிவிசி பை வருது. டியூப் மட்டும்தான் அனேகமா பிவிசி.

கையில குத்தி வெக்கறாங்களே வென்ஃப்லான், அது?

அது டெஃப்லான் வகையோ பாலியூரித்தேனோ. இதுல இந்தக் கதை கிடையாது.

சரி, எந்த மருந்துக்குத்தான் கவலைப்படணும்?

இங்கதான் நின்னு பேசணும்.

முதல்ல பாக்லிடாக்ஸல். மார்பகப் புற்று, கருப்பை சினைப்பை புற்றுக்கெல்லாம் போடற கீமோ. இந்த மருந்து தண்ணியில கரையாது, அதனால கிரெமோஃபோர்னு ஆமணக்கு எண்ணெய்ல இருந்து செய்யற ஒரு பொருளும் ஆல்கஹாலும் சேர்த்து சின்ன கண்ணாடிக் குப்பியில அடைச்சிருப்பாங்க. குப்பியை லேசா சாய்ச்சு பாருங்க, தண்ணி மாதிரி சரேல்னு ஓடாது, கொழகொழன்னு கண்ணாடியில ஒட்டிக்கிட்டு மெதுவா இறங்கும், அந்த கொழகொழப்புதான் கிரெமோஃபோர். அது பிவிசியை தொட்டா டிஇஹெச்பியை உறிஞ்சி எடுத்துடும். அதனால மருந்தோட லேபிள்லயே எழுதியிருக்கும்: கண்ணாடி பாட்டில் அல்லது பாலிபுரொப்பிலீன், பாலியோலெஃபின் பைல கலக்கணும், உள்பக்கம் பாலித்தீன் பூசின செட்ல விடணும், நடுவுல 0.22 மைக்ரான் ஃபில்டர் இருக்கணும். ஆப்ஷன் இல்ல இது, மருந்து குடுக்கிற முறையிலேயே ஒரு பகுதி. டாக்டர் சீட்டுல "நான்-பிவிசி ஃபில்டர் செட்"னு தனியா ஒரு ஐட்டம் எழுதியிருப்பாரு, சாதாரண செட்டை விட விலை ஜாஸ்தியா இருக்கும், "இது எதுக்கு வேஸ்ட்டா"ன்னு சில பேர் அதை மட்டும் வெட்டிட்டு மத்ததை வாங்கிட்டு போவாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் வெட்டாதீங்க.

ஆல்புமின்ல கட்டின பாக்லிடாக்ஸல், நாப்-பாக்லினு சொல்லுவாங்க, அதுல கிரெமோஃபோர் கிடையாது, அதனால அதுக்கு இந்த ஸ்பெஷல் செட் தேவையில்ல. ஒரே பேருதானேன்னு குழப்பிக்காதீங்க, எதுன்னு ஃபார்மசியில கேட்டுக்கங்க.

டோசிடாக்ஸல், எட்டோபோசைட் ரெண்டுலயும் பாலிசார்பேட் 80 இருக்கு, அதுவும் இதே வேலையை செய்யும். டோசிடாக்ஸலுக்கும் பிவிசி படக்கூடாதுன்னுதான் லேபிள் சொல்லுது. கிட்னி, லிவர் மாத்தினவங்களுக்கு ஊசியா போகிற சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அப்படித்தான், மாத்திரையா சாப்பிடறவங்களுக்கு இது பொருந்தாது. ஹார்ட் படபடப்புக்கு ஐசியூல ஓட்டற அமியோடரோன்லயும் பாலிசார்பேட் இருக்கு, சொன்ன வேகத்தை விட மெதுவா ஓட்டினா கசிவு ஜாஸ்தியாகும்னு அதோட லேபிள்லயே இருக்கு. ஆனா அது உயிர் போற நேரத்துல போடற மருந்து, அங்க போய் டியூப் என்ன வகைன்னு சண்டை போட்டுக்கிட்டு நிக்காதீங்க.

அப்புறம் வெள்ளையா பால் மாதிரி இருக்கிற எதுவும். மயக்கத்துக்கு போடற புரொப்போஃபால் சோயா எண்ணெய் கலவை, நரம்பு வழியா சாப்பாடு குடுக்கிற லிப்பிட் அதே மாதிரி. கண்ணால பாத்தே கண்டுபிடிச்சுடலாம், டியூப்ல வெள்ளையா ஓடினா அதுல கொழுப்பு இருக்கு. ஆபரேஷனுக்கு ஒரு தடவை புரொப்போஃபால் போட்டா அது சில நிமிஷ விஷயம், அதுக்கெல்லாம் யோசிக்க வேண்டாம். வாரக்கணக்கா லிப்பிட் ஓடறது வேற.

குறைமாசக் குழந்தை, என்ஐசியூல (பச்சைக்குழந்தைகளுக்கான ஐசியூ) இருக்கு. எனக்கு இதுதான் பயம்.

இந்த கேள்விக்காகத்தான் இந்த பக்கத்தையே எழுதறேன்னு சொல்லலாம்.

ஒரு கிலோ ஒண்ணேகால் கிலோ குழந்தைக்கு ஒரே நேரத்துல தொப்புள் வழியா லைன், லிப்பிட் ஓட்டற லைன், மூக்குல ஃபீடிங் டியூப், மூச்சுக்கு டியூப், நடுவுல ரத்தம் ஏத்தறது, எல்லாம் பிளாஸ்டிக். எடையோ துளியூண்டு, அதனால கிலோவுக்கு எவ்வளவுன்னு பாத்தா எகிறிடும். கல்லீரல் இன்னும் முழுசா வேலைக்கு வரல, டிஇஹெச்பியோட சிதைவுப்பொருளை பக்குவப்படுத்தி சிறுநீர்ல தள்ளற திறமை கம்மி. அதுக்கு மேல விரை, ஹார்மோன் எல்லாம் உருவாகிட்டிருக்கிற வயசு. எஃப்டிஏ கணக்குல பச்சைக்குழந்தைக்கு முழு ரத்தமாற்றம் பண்ணினா அதிகபட்சம் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம், எக்மோல (ரத்தத்தை வெளிய எடுத்து மெஷின்ல ஆக்சிஜன் ஏத்தி திரும்ப விடறது) வெச்சா 14 மில்லிகிராம். தாங்கற அளவு 0.6னு மேல சொன்னேன் இல்லையா, அதோட ஒப்பிட்டு பாருங்க. அதான் 2002 ஜூலைல எஃப்டிஏ ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பினாங்க, ஆண் பச்சைக்குழந்தை, ஆண் சிசுவை சுமக்கிற கர்ப்பிணி, வயசுக்கு வர்ற பருவத்துல இருக்கிற பையன், இவங்களுக்கு இந்த மாதிரி பெரிய சிகிச்சை பண்ணும்போது டிஇஹெச்பி இல்லாத மாற்று இருந்தா அதை யோசிங்கன்னு. ஆண் பிள்ளைன்னு பிரிச்சு சொன்னதுக்கு காரணம் எலிகள்ல பாத்த பாதிப்பு முக்கியமா விரையிலதான்.

மனுஷக் குழந்தைங்க கிட்ட என்ன பாத்தாங்க? ஜெர்மனில ஒரு குழந்தைகள் பிரிவுல டிஇஹெச்பி டியூப்பை மாத்தி பிவிசி இல்லாததுக்கு போனதுக்கப்புறம், நரம்பு வழி சாப்பாட்டுல இருந்த குழந்தைகளுக்கு பித்தம் தேங்கி மஞ்சளாகிறது 50 சதவீதத்துல இருந்து 13 சதவீதத்துக்கு குறைஞ்சுதுன்னு 2009ல எழுதினாங்க. பெரிய வித்தியாசம்தான், ஆனா அது முன்னாடி பின்னாடி ஒப்பிட்ட ஆய்வு, அந்த இடைவெளியில மத்த பராமரிப்பும் மாறியிருக்கலாம். பெல்ஜியம் லூவன்ல 2016ல வந்த ஆய்வு, ஐசியூல இருந்த குழந்தைங்க ரத்தத்துல டிஇஹெச்பி சிதைவுப்பொருள் ஜாஸ்தியா இருந்ததுக்கும் நாலு வருஷம் கழிச்சு கவனக்குறைவு இருந்ததுக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்லிச்சு. ரொம்ப சீரியஸா இருந்த குழந்தைக்குத்தான் டியூப் ஜாஸ்தி, அதனால எது காரணம்னு பிரிச்சு எடுக்கறது லேசு இல்ல. இன்னொரு பக்கம் பிறந்ததும் எக்மோல இருந்த 19 பேரை டீனேஜ்ல கூப்பிட்டு பாத்த 2004 அமெரிக்க ஆய்வுல வளர்ச்சியும் பருவமும் நார்மலாவே இருந்துச்சு. 19 பேருங்கறது ரொம்ப கம்மி, அதை வெச்சு "ஒண்ணும் ஆகாது"ன்னு முடிவு கட்டவும் முடியாது.

என்னோட அபிப்ராயம்: நிரூபணம் முழுசா வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டிய இடம் இது இல்ல, ஏன்னா மாற்று டியூப் மார்க்கெட்ல இருக்கு. குழந்தைங்க வார்டுலயாவது லிப்பிட் லைனையும் ஃபீடிங் டியூப்பையும் மாத்திடலாம். ஃபிரான்ஸ்ல 2015 ஜூலைல இருந்து குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பிரசவ வார்டுகள்ல டிஇஹெச்பி உள்ள டியூப்பையே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க.

ஃபீடிங் டியூப்ல தாய்ப்பால்தானே போகுது, அதுல என்ன?

பால்ல கொழுப்பு இருக்கு, அதுதான். இதை நீங்களே தொட்டுப் பாக்கலாம். பிவிசி ஃபீடிங் டியூப் போடும்போது தொளதொளன்னு இருக்கும், சில நாள் கழிச்சு எடுக்கும்போது உள்ள இருந்த முனை விறைப்பா கெட்டியா இருக்கும், சிஸ்டர்கிட்ட கேளுங்க, சொல்லுவாங்க. மெத்துனு வெச்சிருந்த எண்ணெய் வெளிய போனதால வர்ற விறைப்பு அது. போனது எங்க போச்சு, வயித்துக்குள்ள. விறைச்ச டியூப் குடலை உறுத்தும், அந்த காரணத்துக்காகவே பிவிசி டியூப்பை சீக்கிரம் மாத்தணும்பாங்க, நாள் கணக்கா வெக்கறதுக்கு பாலியூரித்தேன் இல்ல சிலிக்கான் டியூப் போடுவாங்க. படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்களுக்கு வீட்லயே ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா வயித்துக்கு போற டியூப்) வெச்சிருக்கிறவங்களும் இதை கவனிக்கலாம், சிலிக்கான் டியூப் வாங்கினா அடிக்கடி மாத்தற தொல்லையும் குறையும்.

ரத்தம் ஏத்தினா?

ரத்தப்பைதான் இந்த விஷயம் முதல்ல வெளிய வந்த இடம். 1970ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜேகர், ரூபின்னு ரெண்டு பேரு, பிளாஸ்டிக் பையில வெச்சிருந்த ரத்தத்துக்குள்ள பிளாஸ்டிசைசர் இறங்கியிருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதினாங்க. அதுவும் பையில எத்தனை நாள் இருந்துச்சோ அதுக்கு தகுந்த மாதிரி அளவு ஏறுது.

சரி உடனே பையை மாத்த வேண்டியதுதானேன்னு தோணும். அங்கதான் சிக்கல். இறங்கின டிஇஹெச்பி சிவப்பணுவோட தோல்ல போய் உக்காந்து அதை உடையாம பாத்துக்குது! டிஇஹெச்பி இல்லாத பையில வெச்சா சிவப்பணு சீக்கிரம் உடையுது. ரத்தத்தை 35 நாள், சேர்மானம் போட்டா 42 நாள் வரைக்கும் வெக்க முடியறதுல இந்த "விஷத்துக்கும்" ஒரு பங்கு இருக்கு. கெடுதல்னு நினைச்சது உதவியும் பண்ணுதுங்கறதால சில சட்டங்கள்ல ரத்தப்பைக்கு மட்டும் தனியா விலக்கு குடுத்திருக்காங்க. நம்ம நாட்ல ரத்தப்பை தொழில்நுட்பத்தை 1980கள்ல உருவாக்கினது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் இன்ஸ்டிடியூட், அதுக்கு முன்னாடி ரத்தம் கண்ணாடி பாட்டில்லதான், கழுவி கழுவி திரும்ப பயன்படுத்தினது. பிளாஸ்டிக் வந்ததால தப்பின உயிர் கணக்கில்ல, அதையும் மறந்துடக்கூடாது.

ஒரு யூனிட் ரெண்டு யூனிட் ஏத்தினவங்க விட்டுத்தள்ளுங்க. விபத்துல ரத்தம் கொட்டி பெரிய அளவுல ஏத்தினா அந்த ஒரு நாள் மட்டும் கிலோவுக்கு 8.5 மில்லிகிராம் வரைக்கும் போகலாம்னு எஃப்டிஏ கணக்கு, ஆனா ஏத்தலேன்னா ஆளே இல்ல. பச்சைக்குழந்தைக்கு ரத்தமாற்றம் பண்ணும்போது 5 நாளுக்குள்ள எடுத்த புது ரத்தமா டாக்டர்களே கேப்பாங்க, பொட்டாசியம் ஏறாம இருக்க. அதுல டிஇஹெச்பியும் கம்மியா இருக்கும், போனஸ்.

டயாலிசிஸ்ல வாரம் மூணு தடவை ரத்தம் டியூப் வழியாத்தான் போய் வருது...

ஆமா, அங்கயும் கசியுது. எஃப்டிஏ கணக்குல கிலோவுக்கு 0.36 மில்லிகிராம், அதாவது எல்லைக்குள்ளதான், ஆனா எல்லைக்கு ரொம்ப தூரத்துலயும் இல்ல. அதுவும் வருஷக்கணக்கா நடக்கிற விஷயம். வயசானவங்களுக்கு இதை ஒரு பெரிய கவலையா நான் சொல்ல மாட்டேன், டயாலிசிஸ் பண்றவங்களுக்கு கவலைப்பட வேற முக்கியமான விஷயங்கள் நிறைய இருக்கு. பத்து பதினாலு வயசு பையன், கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்கன்னா டிஇஹெச்பி இல்லாத பிளட்லைன் கிடைக்குமான்னு நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட கேளுங்க.

கர்ப்பத்துல வாந்தி ஜாஸ்தி, அடிக்கடி டிரிப்ஸ் போட வேண்டியிருக்கு. வேண்டாம்னு சொல்லிடவா?

சொல்லாதீங்க. அது தண்ணியும் உப்பும் குளுக்கோஸும்தான். உடம்புல நீர் வத்திப்போறது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அதை விட ஆயிரம் மடங்கு கெடுதல்.

கேன்சர் வருமா?

எலி, சுண்டெலிக்கு நிறைய குடுத்தா கல்லீரல்ல கட்டி வந்துச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு 1982ல இதை "வரலாம்"ங்கற 2பி பட்டியல்ல வெச்சாங்க, 2000த்துல எலிக்கு வர்ற வழி மனுஷனுக்கு பொருந்தாதுன்னு 3க்கு இறக்கினாங்க, 2011ல அந்த வாதம் பத்தாதுன்னு திரும்ப 2பிக்கே ஏத்திட்டாங்க. மனுஷங்ககிட்ட நேரடி ஆதாரம் பத்தாதுங்கறதுதான் 2பியோட அர்த்தம். என்னைக்கேட்டா இந்த விஷயத்துல கேன்சர் முதல் கவலை இல்ல, ஹார்மோன்தான்.

உடம்புலயே தங்கிடுமா?

தங்காது. எம்இஹெச்பின்னு ஒண்ணா சிதைஞ்சு, இன்னும் சில மாற்றம் ஆகி பெரும்பகுதி ஓரிரு நாள்ல சிறுநீர்ல போயிடும். உண்மையில கெடுதல் பண்றது அந்த சிதைவுப்பொருள்தான், அதுவும் இப்படி வெளிய போயிடுது, அதனால ஒரு தடவை போட்ட டிரிப்ஸ் பத்தி பின்னாடி யோசிச்சு தூக்கத்தை கெடுத்துக்க வேண்டாம், "டீடாக்ஸ்"னு சொல்லி பவுடர் விக்கிறவங்ககிட்ட காசு குடுக்கவும் வேண்டாம்.

பாக்கெட்ல எப்படி கண்டுபிடிக்கிறது?

"டிஇஹெச்பி ஃப்ரீ"ன்னு எழுதியிருக்கும், இல்லேன்னா ஒரு குறி இருக்கும், பிஹெச்டி (PHT)ன்னு மூணு ஆங்கில எழுத்து, கூடவே டிஇஹெச்பி (DEHP)ன்னு. அது டாக்டர் பட்டம் இல்ல, தாலேட் இருக்குங்கற குறி. அதே குறி மேல குறுக்குக் கோடு போட்டிருந்தா இல்லைன்னு அர்த்தம். அவசரத்துல கோட்டை கவனிக்காம தப்பா படிக்கிறவங்க நிறைய. எதுவுமே போடலேன்னா பிவிசியா டிஇஹெச்பியான்னு ஊகிக்க முடியாது, மோந்து பாத்தும் தெரியாது, டிஇஹெச்பிக்கு வாசனையே கிட்டத்தட்ட கிடையாது. "பிபிஏ ஃப்ரீ"ங்கறது வேற சமாச்சாரம், அது கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்ல வர்றது, அதை பாத்துட்டு ஏமாந்துடாதீங்க.

டிஇஹெச்பி இல்லேன்னா அதுக்கு பதிலா என்ன? அது சேஃபா?

இந்த கேள்வியை கேக்கறவங்க ரொம்ப கம்மி, ஆனா கேக்க வேண்டிய கேள்வி இது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பிவிசியே இல்லாத டியூப், பாலித்தீன், பாலியூரித்தேன், சிலிக்கான் மாதிரி, அல்லது வெளிய பிவிசி உள்ள பாலித்தீன் படலம். இன்னொண்ணு பிவிசிதான், ஆனா வேற பிளாஸ்டிசைசர்: டிஓடிஎம், டிஞ்ச், டிஇஹெச்டி, சிட்ரேட் வகை. இதுல டிஓடிஎம் மூலக்கூறு பெருசு, அதனால ரொம்ப கம்மியாத்தான் வெளிய வரும். டிஞ்ச் கசியத்தான் செய்யும், ஆனா எலி ஆய்வுல விரையை டிஇஹெச்பி மாதிரி பாதிக்கல. இதுல எதுக்கும் டிஇஹெச்பி அளவுக்கு நீண்ட கால அனுபவம் கிடையாது. அதனால "டிஇஹெச்பி ஃப்ரீ"ன்னா எதுவுமே கசியாதுன்னு எடுத்துக்காதீங்க, பாக்லிடாக்ஸலுக்கு அது பத்தவும் பத்தாது, அதுக்கு வேண்டியது நான்-பிவிசி. கடையில ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லி குடுத்தா ஒத்துக்காதீங்க.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் தடை பண்ணல?

பண்ணிட்டிருக்காங்க, மெதுவா. ஐரோப்பாவுல 2017 மருத்துவ சாதன சட்டப்படி எடையில 0.1 சதவீதத்துக்கு மேல இருந்தா ஏன் போட்டிருக்கோம்னு காரணம் சொல்லணும், லேபிள்ல போடணும். 2030 ஜூலை 1க்கு அப்புறம் தனி அனுமதி இல்லாம மருத்துவ சாதனத்துல பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியாவுல 2024ல சட்டம் போட்டு 2030ல இருந்து டிரிப்ஸ் பைக்கும் 2035ல இருந்து டியூப்புக்கும் டிஇஹெச்பி கூடாதுன்னுட்டாங்க, ரத்தப்பைக்கு விலக்கு. நம்ம நாட்ல 2016 மருத்துவக்கழிவு விதிகள்ல குளோரின் உள்ள பிளாஸ்டிக் பை, கையுறை, ரத்தப்பை எல்லாத்தையும் ரெண்டு வருஷத்துல நிறுத்தணும்னு போட்டாங்க, 2018ல திருத்தம் வந்து ரத்தப்பையை மட்டும் வெளிய எடுத்துட்டாங்க. அதுவும் கழிவை எரிக்கும்போது வர்ற புகைக்காக போட்ட விதி, நோயாளி உடம்புக்குள்ள போறதுக்காக இல்ல.

டியூப் மருந்தை உறிஞ்சிக்கும்னும் சொல்றாங்களே?

நிஜம், இதை யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா சில நேரம் கசியறதை விட இதுதான் முக்கியம். நெஞ்சு வலிக்கு ஓட்டற என்டிஜி (நைட்ரோகிளிசரின்) பிவிசி டியூப்ல போனா கணிசமான அளவு சுவத்துலயே ஒட்டிக்கும், நோயாளிக்கு போய்ச் சேர்றது கம்மி. டயசிபாமும் அப்படி. இன்சுலின் எந்த பிளாஸ்டிக்லயும் ஒட்டும், அதனாலதான் இன்சுலின் டிரிப் ஆரம்பிக்கும்போது முதல்ல கொஞ்சம் டியூப் வழியா விட்டு கொட்டிட்டு அப்புறம் கனெக்ட் பண்ணுவாங்க. அதை பாத்துட்டு "மருந்தை வேஸ்ட் பண்றாங்க"ன்னு கோவப்படாதீங்க.

அதே மாதிரி முதல்ல கொஞ்சம் சலைன் விட்டு கழுவிட்டா டிஇஹெச்பி போயிடாதா?

போகாது. காத்து போகத்தான் அது. மூணுல ஒரு பங்கு எண்ணெயா இருக்கிற சுவரை நாலு மில்லி சலைன் என்ன பண்ணிடும். குளிருதுன்னு பாட்டிலையும் டியூப்பையும் சுடுதண்ணில போட்டு வெக்கறதையும் நிறுத்துங்க, சூடு கசிவை கூட்டும், அதை விட முக்கியமா கையில சூடு தெரியாம நரம்பு வெந்துடும். போர்வையை இழுத்து போத்தி விடுங்க.

டாக்டர்கிட்ட எப்படி கேக்கறது? கோவிச்சுக்குவாங்களோன்னு இருக்கு.

"பிளாஸ்டிக் விஷமாமே"ன்னு ஆரம்பிச்சா யாரா இருந்தாலும் கடுப்பாவாங்க. குறிப்பா கேளுங்க. என்ஐசியூலன்னா, "லிப்பிட் லைனும் ஃபீடிங் டியூப்பும் டிஇஹெச்பி இல்லாததா டாக்டர், இல்லேன்னா வெளிய வாங்கிட்டு வரலாமா?" கீமோ டேகேர்லன்னா, "சிஸ்டர், இந்த செட் நான்-பிவிசியா, ஃபில்டர் இருக்கா?" ஒரே வரி, பதிலும் ஒரே வரில வந்துடும். கடையில வாங்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற பம்ப்புக்கு அந்த டியூப் பொருந்துமான்னு கேட்டுக்கங்க, ஒவ்வொரு பம்ப்புக்கும் தனி செட், பொருந்தாததை மாட்டினா மருந்து அளவே மாறிடும். இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா அதுக்காக சிகிச்சையை தள்ளிப்போடாதீங்க, தேவையான சிகிச்சையை பண்ணாம விடற ஆபத்து இதை விட ரொம்ப பெருசுன்னு எச்சரிக்கை விட்ட அதே எஃப்டிஏ அறிவிப்புலயே எழுதியிருக்காங்க.

வீட்ல டிரிப்ஸ் போட்டு முடிச்ச செட்டை என்ன பண்றது?

குப்பையோட சேர்த்து எரிச்சுடாதீங்க, பிவிசி எரிஞ்சா டையாக்சின் வரும், டியூப்ல இருந்து கசியறதை விட அது மோசம். ஊசியை தனியா கெட்டி டப்பால போட்டு, டியூப்பை யாரும் திரும்ப எடுத்து பயன்படுத்த முடியாதபடி ரெண்டு மூணா வெட்டி, போட வந்த சிஸ்டர்கிட்டயோ பக்கத்து ஆஸ்பத்திரியிலயோ குடுத்துடுங்க. அவங்ககிட்ட சிவப்பு பை இருக்கும், டியூப் வகை எல்லாம் அதுல போய் ஆவியில வேகவெச்சு துண்டு துண்டா நறுக்கி மறுசுழற்சிக்கு போகும். ரத்தப்பை மட்டும் மஞ்சள் பை.